கேரவன் வண்டி ஆடுகிறதா? முதலில் எடை மேடைக்குப் போங்கள்

வேனில் படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க், பேட்டரி எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றியவர்கள், வண்டி ஆட ஆரம்பித்ததும் நேராக மெக்கானிக்கிடம் போய் "பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்துடுங்க" என்கிறார்கள். பட்டை என்றால் வண்டியின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் தகடு. கொஞ்சம் பொறுங்கள். சென்னையில் மணலி, மாதவரம் பக்கம் லாரி எடை மேடைகள் இருக்கின்றன. டேங்க் நிறையத் தண்ணீர், சிலிண்டர், வழக்கமாக வரும் ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று என்று மூன்று சீட்டு வாங்குங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு எடை என்று அதில் தெரிந்துவிடும்.

என் வண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி தாண்டிப் போகும்போதெல்லாம் பக்கவாட்டில் இழுபடும், ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிடும். காரணம் பட்டை இல்லை, கடைக்கோடியில் நான் வைத்த 200 லிட்டர் டேங்க். முன் பின் ஆக்சிலுக்கு (சக்கர அச்சுக்கு) நடுவே 4 மீட்டர், டேங்க் பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏறுவது 200 கிலோ இல்லை, 250. முன்னால் 50 கிலோ தூக்கிவிடும். டேங்கை இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே கொண்டுவந்ததும் பாதித் தொல்லை தீர்ந்தது.

அடுத்து, எடைக்கு ஏற்ற டயர் காற்று. அப்புறம் கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டைகளை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டைச் சுற்றிச் சிவப்பாகத் துருப்பொடி படிந்திருந்தால் பட்டைக் கட்டு அசைகிறது என்று சந்தேகப்படுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலோரம் நிறுத்துகிற வண்டியில் உப்புக்காற்று பட்டைகளுக்கு நடுவே துருவை ஏற்றிவிடும், அவை ஒன்றன்மேல் ஒன்று சறுக்காமல் பிடித்துக்கொள்ளும், குழியில் இறங்கினால் முதுகெலும்பில் குத்தும். அதைக் கழற்றித் தேய்த்து மாட்டினாலே வித்தியாசம் தெரியும். பட்டை முனையில் உள்ள ரப்பர் புஷ் வெடித்திருந்தால், ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்தால் மாற்றுங்கள்.

இதற்குப் பிறகும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தே நின்றால்தான் கூடுதல் பட்டையோ, ஏர் பேக்கோ (காற்றடைத்த ஸ்பிரிங் பை). பட்டையைக் கூட்டிவிட்டு பழைய ஷாக்கையே விட்டால் வண்டி குதிக்கும், இரண்டையும் சேர்த்தே பாருங்கள். எது போட்டாலும் ஆர்.சி.யில் அனுமதித்த எடை வரம்பு ஒரு கிலோகூட ஏறாது, ஏனென்றால் பிரேக், ஆக்சில், டயர் எல்லாம் பழையதுதான். வேலை முடிந்ததும் சாமான் ஏற்றிய நிலையிலேயே வீல் அலைன்மென்ட் பாருங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டைச் சரியான டார்க்கில் (முறுக்கு அளவில்) மறுபடி முடுக்குங்கள்.

வாரண்டி விஷயத்தில் எனக்கு நல்ல அடி. சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) ஒரு பிராக்கெட்டை வெல்டிங் வைத்ததைக் காட்டி, ஷாக் கசிவுக்கு வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்துவிட்டார்கள். வெல்டிங்கும் துளையும் இல்லாமல் போல்ட்டில் மாட்டுகிற கிட்டையே தேடுங்கள், வேலைக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள், கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அனுமதிக்காத மாற்றம் செய்தால், 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறைகூட உண்டு. ஆர்.டி.ஓ.விடம் கேட்டுவிட்டு, இன்சூரன்ஸ்காரர்களுக்கும் எழுதிப் போட்டுவிட்டு ஸ்பேனரைத் தொடுங்கள்.