மாணவர்களோடு சென்னை தேவாலயங்களுக்குப் போகிறீர்களா?

ஒரே நாளில் பத்து ஆலயம் என்று திட்டம் போடாதீர்கள். மூன்று போதும்.

வார நாளில் காலையிலேயே ஜார்ஜ் கோட்டைக்குப் போய்விடுங்கள். உள்ளே தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. எல்லோரிடமும் அடையாள அட்டை, ஆசிரியரிடம் கல்லூரிக் கடிதம் இருக்கட்டும். 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி ஆலயத்தில் பழைய கல்லறைக் கல்வெட்டுகளை நிதானமாகப் படிக்க விடுங்கள். எவ்வளவு சின்ன வயதில் இறந்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அப்புறம் பாரிமுனைப் பக்கம் 1772ஆம் ஆண்டு ஆர்மீனியர் ஆலயம். கடைசியாக சாந்தோம் பேராலயம். அங்கே நிலவறையில் இயேசுவின் சீடரான புனித தோமாவின் கல்லறை இருக்கிறது. பலர் ஜெபத்தில் இருப்பார்கள், பேச்சே வேண்டாம்.

கட்டடத்தோடு முடித்துவிடாதீர்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. திருச்சபைகள் நடத்தும் மருத்துவமனை, காது கேளாதோர் பள்ளி, முதியோர் இல்லம் என்று ஒன்றையாவது பாருங்கள். இரண்டு வாரம் முன்பே கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பத்துப் பேருக்கு மேல் ஒன்றாக நுழைய வேண்டாம். அங்குள்ளவர்களைப் படம் எடுக்கவே கூடாது. என்ன வாங்கி வரலாம் என்று முதலிலேயே கேளுங்கள். பல இடங்களில் இனிப்பை விட அரிசியும் சோப்பும்தான் தேவைப்படும்.