ஸ்காட்ஸ் சொல்லைக் கேட்டதும் ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கோ டன்டீக்கோ படிக்கப் போகிறவர்கள் முதலில் திணறுவது ஊர்ப் பேச்சில்தான். அங்கே பேசப்படும் ஸ்காட்ஸ் மொழி, ஆங்கிலத்தின் கொச்சை அல்ல. பழைய ஆங்கிலத்தின் வடக்குக் கிளையிலிருந்து தனியே வளர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 15 லட்சம் பேர் தங்களுக்கு அது பேச வரும் என்றார்கள். ஸ்காட்லாந்தின் இன்னொரு மொழியான கேலிக் இதிலிருந்து முற்றிலும் வேறு. ஸ்காட்ஸ் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒலி மாற்றத்தைப் பிடியுங்கள்.

படி 1: 'ஊ' கேட்டால் 'அவு' ஆக்கிப் பாருங்கள். ஹூஸ் என்றால் ஹவுஸ், மூஸ் என்றால் மவுஸ், ஊட் என்றால் அவுட். பழைய ஒலி 'ஊ'தான். தெற்கே மாறியது, ஸ்காட்லாந்தில் அப்படியே நின்றுவிட்டது.

படி 2: 'ஏ' சில சொற்களில் 'ஓ' ஆகும். ஹேம் – ஹோம், ஸ்டேன் – ஸ்டோன்.

படி 3: எனக்கு மிகவும் பிடித்தது இது. நைட் என்ற சொல்லில் ஜி, எச் என்று இரண்டு எழுத்தை எழுதிவிட்டு வாசிக்காமல் விடுகிறோமே, ஸ்காட்ஸில் அவற்றுக்கு இன்னும் உயிர் இருக்கிறது: நிஹ்ட். நடுவில் வருவது தொண்டையை உரசும் ஒலி. நம் ஆய்தத்தை நினைத்துக்கொண்டால் அருகில் வந்துவிடலாம். ரைட் – ரிஹ்ட், பிரைட் – பிரிஹ்ட்.

படி 4: கடைசியில் 'னே' வந்தால் மறுப்பு. கன்னே – கான்ட், டிட்னே – டிடின்ட். 'ஆ டின்னே கென்' என்றால் 'ஐ டோன்ட் நோ'.

படி 5: ஒலியால் பிடிபடாதவற்றைப் பழகத்தான் வேண்டும். பேர்ன் குழந்தை, வீ சின்ன, கிர்க் தேவாலயம். ட்ரீஹ் என்பது மூட்டமும் ஈரமுமாய் மனதைச் சோர வைக்கும் வானிலை. அதற்கு ஈடாக ஒரே ஆங்கிலச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

படி 6: தெரிந்த சொல்லிடம்தான் கவனம் தேவை. குழந்தை 'கிரீட்' செய்கிறது என்றால் அழுகிறது. 'பீஸ்' என்றால் சாண்ட்விச். 'வேர் டு யூ ஸ்டே?' என்று கேட்டால் தங்கியிருக்கும் ஹோட்டலை அல்ல, குடியிருக்கும் இடத்தைக் கேட்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்கே அபர்டீன் பக்கம் 'வாட்' கூட 'ஃபிட்' ஆகிவிடும். 'ஃபிட் லைக்?' என்பது நலம் விசாரிப்பு.

இப்போது இதைப் பிரித்துப் பாருங்கள்: 'ஆம் அவா டூன் த டூன் ஃபர் த மெசேஜஸ்.' 'ஆம்' என்பது 'ஐ ஆம்', 'அவா' என்பது 'அவே'. தமிழ் எழுத்தில் இரண்டு டூனும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவது டவுன் என்ற 'கீழே', இரண்டாவது ஊரைக் குறிக்கும் டவுன். மெசேஜஸ் செய்தி அல்ல, மளிகைச் சாமான். கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கக் கிளம்புகிறார்.