உங்கள் பப்ளிக் ஐபி எந்த வகை? கண்டறிவது எப்படி

வீட்டு கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமா? கணினியில் சர்வர் ஓட்ட வேண்டுமா? ரவுட்டரில் கைவைக்கும் முன், உங்கள் பப்ளிக் ஐபி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் முகவரி எண்) எந்த வகை என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் போர்ட் ஃபார்வர்டிங்கோடு (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் வழியாக வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடும் அமைப்பு) மல்லுக்கட்டுவது வீண் வேலை.

படி 1: விபிஎன் இருந்தால் அணையுங்கள். மொபைல் டேட்டாவில் அல்லாமல் வீட்டு வைஃபையில் இருந்தபடி, ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, அதிலுள்ள ஐபிவி4 எண்ணைக் (புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்கள்) குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டி ரவுட்டருக்குள் நுழையுங்கள். சரியான எண் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘வேன்’ (WAN) அல்லது ‘இன்டர்நெட்’ என்ற பகுதியில் உள்ள ஐபியைப் பாருங்கள்.

படி 3: இரண்டையும் ஒப்பிடுங்கள். இதுதான் முக்கியமான படி.

இரண்டும் ஒன்றானால் அந்த ஐபி உங்களுக்கே உரியது; போர்ட் ஃபார்வர்டிங் பொதுவாக வேலை செய்யும். ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கும் ஐபி இருந்தால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் (CGNAT, இணைய நிறுவனம் ஒரே ஐபியைப் பலருக்குப் பகிரும் முறை) பின்னால் இருக்கிறீர்கள். 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசை அது. ஒரே பப்ளிக் ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பங்குபோடுவதால், வெளியிலிருந்து வரும் இணைப்பு யாருக்கு என்று தெரியாமல் நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும். ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பயனில்லை. நிறுவனத்திடம் தனி ஐபி கேட்க வேண்டும்.

192.168, 10, அல்லது 172.16 முதல் 172.31 வரை என்று தொடங்கினால் அவசரப்படாதீர்கள். அதுவும் சிஜிநாட்டாக இருக்கலாம். ஆனால் நிறுவனம் தந்த மோடமே ரவுட்டராக இயங்கி, அதன் பின்னால் உங்கள் ரவுட்டர் மாட்டியிருந்தாலும் இப்படித்தான் காட்டும். அப்படியானால் மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு, இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றினாலே போதும்.

படி 4: ரவுட்டரைச் சில நிமிடம் அணைத்து மீண்டும் போடுங்கள். ஐபி மாறினால் அது டைனமிக் (மாறும் ஐபி). மாறாவிட்டால் ஸ்டாடிக் (நிலையான ஐபி) என்று முடிவுகட்ட வேண்டாம். டிஹெச்சிபி குத்தகை (நிறுவனம் அந்த எண்ணை உங்களுக்கு ஒதுக்கியிருக்கும் காலம்) முடியாதவரை பெரும்பாலும் பழைய எண்ணே திரும்பக் கிடைக்கும். ஸ்டாடிக் என்பதை நிறுவனம்தான் உறுதிசெய்ய முடியும். வீட்டுத் தேவைக்கு டைனமிக்கே தாராளம். டிடிஎன்எஸ் (மாறும் ஐபியை ஒரே பெயரோடு இணைத்துவைக்கும் சேவை) வைத்தால், எண் மாறினாலும் பெயர் மாறாது.

படி 5: ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) இருக்கிறதா என்றும் பாருங்கள். 2 அல்லது 3-இல் தொடங்கும் முகவரி பப்ளிக். எஃப்இ80-இல் தொடங்குவது வீட்டு நெட்வொர்க்கைத் தாண்டாது. இங்கே பொதுவாக நாட் (ஒரே ஐபியைப் பல கருவிகள் பங்குபோடும் முறை) கிடையாது, ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி. சிஜிநாட்டில் மாட்டியவர்களுக்கு இது நல்ல மாற்றுவழி. ஆனால் ரவுட்டரின் ஃபயர்வால் பெரும்பாலும் உள்வரும் இணைப்பைத் தடுத்தே வைத்திருக்கும். தேவையான கருவிக்கு, தேவையான போர்ட்டை மட்டும் திறங்கள். முழு ஃபயர்வாலையும் அணைத்துவிடாதீர்கள்.