எழுத்தின் பெயர் அப்புறம், ஓசை முதலில்: தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

ஏ, பி, சி, டி முழுவதையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கு மூன்றெழுத்துச் சொல் ஒன்றை எழுதிக் காட்டினால் திருதிருவென்று விழிக்கும். பிள்ளைமேல் தப்பில்லை. நாம் எழுத்துகளின் பெயரைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், ‘எஸ், ஏ, டீ’ என்று எத்தனை தரம் கத்தினாலும் அதிலிருந்து ‘ஸாட்’ வராது.

இலங்கையில் 1ஆம், 2ஆம் தரங்களில் ஆங்கிலம் பேச்சும் விளையாட்டுமாகப் போகும், தனிப்பாடமாக வருவது 3ஆம் தரத்தில்தான். தமிழை ஓரளவு எழுத்துக்கூட்டி வாசிக்கிற அந்த வயதுதான் தொடங்கச் சரியானது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மாலை வகுப்பு வைக்கிற அக்காமார், அண்ணன்மாருக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை காதுக்கு. கொப்பி, பென்சில் எதுவும் வேண்டாம். பஸ், பேக், பென், டின் எல்லாம் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள். நீங்கள் ‘ட்... இ... ன்’ என்று பிரித்துச் சொல்லுங்கள், பிள்ளை சேர்த்து ‘டின்’ என்று சொல்லட்டும். ஒரு வாரம் இதையே விளையாடினாலும் நஷ்டமில்லை.

அடுத்தது எழுத்து. அகரவரிசையில் போகாதீர்கள். எஸ், ஏ, டீ, பீ, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறையும் சிறிய எழுத்தில் கொடுங்கள். எழுத்தின் ஓசையை வைத்து வாசிக்கப் பழக்கும் ஒலிமுறைப் பாடங்கள் பலவும் இந்த ஆறில்தான் தொடங்குகின்றன, இவற்றை வைத்தே ஸாட், ஸிட், பின், டின், டாப் (tap) என்று நிறையச் சொல் கட்டலாம். இங்கே நம் பிள்ளைகளுக்குப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது: புள்ளி வைத்த எழுத்து. ‘ட்’, ‘ப்’, ‘ன்’ என்று உயிரில்லாமல் ஒலிக்க அவர்களுக்கு முன்பே தெரியும். க் + ஆ = கா என்று பழகிய அதே வழியில் ட், ஆ, ப் மூன்றையும் சேர்த்தால் டாப். ‘ட’ என்றோ ‘டீ’ என்றோ இழுக்க மட்டும் விடாதீர்கள். ஆங்கில ஏ-க்குரிய (a) குறில் ஓசை தமிழில் இல்லை, எ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவே வாயை அகலத் திறந்து நீங்களே சொல்லிக் காட்டவேண்டும்.

பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி மட்டைக்கொரு எழுத்தாக எழுதுங்கள். மூன்று மட்டைகளை இடைவெளி விட்டு வைத்து, விரலால் நெருக்கிக்கொண்டே வந்தால் ஓசையும் நெருங்கி வரும்.

இனி, நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிற இடம். ‘பல்’லிலும் ‘தம்பி’யிலும் இருப்பது ஒரே ப வரிசைதான், ஓசை வேறு. அதனால் ஆங்கிலத்தின் பீயும் (p) பியும் (b) அவர்கள் காதில் ஒன்றாகவே விழும். ஒரு மெல்லிய கடதாசித் துண்டை வாய்க்கு முன்னே தொங்கவிட்டு, பன்றியைக் குறிக்கும் ‘பிக்’கைக் காற்றை விட்டுச் சொல்லுங்கள், கடதாசி துள்ளும். பெரியது என்கிற ‘பிக்’குக்கு அவ்வளவாக அசையாது. பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஆனால் இரண்டு எழுத்தையும் ஒரே நாளில் கொடுக்கவேண்டாம், சில வாரம் போகட்டும்.

‘ஸ்டாப்’ என்பதை ‘இஸ்டாப்’ என்று சொன்னால் திட்டாமல் ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீளமாகச் சீறவிட்டு அப்புறம் ‘டாப்’ சேர்க்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும். ‘வாஸ்’ (was), ‘செட்’ (said) மாதிரி ஓசைக்கு அடங்காத சொற்களைக் கண்டு பழகத்தான் வேண்டும், வாரத்துக்கு இரண்டு போதும்.

ஓ, எல் இரண்டும் படித்து, பெரிய எழுத்தும் பழகியதும் புகையிரத நிலையப் பெயர்ப்பலகையைக் காட்டுங்கள். மூன்று மொழியிலும் இருக்கும். பட்டிபொல என்ற பெயரின் ஆங்கில எழுத்துகள் எல்லாம் இந்த எட்டுக்குள்ளேயே அடங்கிவிடும், நாட்டிலேயே உயரத்தில் இருக்கிற நிலையத்தின் பெயரைப் பிள்ளை தானாகவே வாசித்துவிடும்!

வாசித்த சொல்லுக்கு உடனே பொருள் கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். ‘ஸிட்’ என்று வாசித்தால் உட்காரட்டும், ‘டாப்’ என்றால் மேசையைத் தட்டட்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பள்ளிக்கூடம் விட்டு மலையேறி வந்த களைப்பு இருக்கும். சொல்லில் சிக்கி நின்றால் சட்டென்று எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள், முதல் எழுத்தில் விரலை வைத்து அந்த ஓசையை மட்டும் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து ஊகிக்கிறது என்று தெரிந்தால் படத்தைக் கையால் மறைத்துவிட்டு மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.