ஏற்காடு ஏறும் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டெம்பரேச்சர் மீட்டர்: வயர் இழுக்கும் முறை

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற்றம். எம்ஜிபி, ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர், நம் ஊர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகள் இதில் பெரும்பகுதியைச் சின்ன கியரிலேயே ஏறும். இன்ஜினுக்கு முழு உழைப்பு, ரேடியேட்டருக்கோ எதிர்க்காற்று குறைவு. அதனால் இன்ஜின் கூலன்ட்டின் சூட்டை டிகிரி எண்ணில் காட்டும் 52 மி.மீ. எலக்ட்ரிக் டெம்பரேச்சர் மீட்டர் ஒன்றைக் கூடுதலாக மாட்டுவது நல்லது. மீட்டரை டேஷ்போர்டில் உட்கார வைப்பது சின்ன வேலை. கரண்டை எங்கிருந்து எடுக்கிறோம், வயர் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். தப்பாக எடுத்த கரண்ட் நடுவளைவில் இன்ஜினையே அணைத்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது

பேட்டரியின் எந்த முனை பாடியில் போல்ட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். 1967 வரை வந்த எம்ஜிபிக்கள் பாசிட்டிவ் எர்த், அதாவது பாசிட்டிவ் முனை பாடியில். பிறகு யாராவது மாற்றியிருக்கலாம், ஆகவே ஆண்டை நம்பாமல் கேபிளைப் பாருங்கள். இன்று கடையில் கிடைக்கும் மீட்டர்கள் நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்தவை. பாசிட்டிவ் எர்த் வண்டியில் அவற்றை அப்படியே மாட்டினால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். அத்தகைய வண்டிக்குக் கரண்டே தேவைப்படாத, மெல்லிய செப்புக் குழாயுடன் வரும் மெக்கானிக்கல் மீட்டரே பொருத்தம். இனி வருவதெல்லாம் நெகட்டிவ் எர்த் வண்டிக்கு.

வாங்க வேண்டியவை: 1 சதுர மி.மீ. வயர் கரண்டுக்குச் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு, சென்சாருக்கு இன்னொரு நிறம் என ஒவ்வொன்றிலும் 4 மீட்டர், வயரின் நடுவே 3 ஆம்பியர் ஃப்யூஸ் வைக்க ஒரு இன்லைன் ஹோல்டர், வயர் முனையில் மாட்டும் 6.3 மி.மீ. லக்குகள், அவற்றை நசுக்கிப் பிடிக்கச் சரியான கிரிம்பிங் பிளையர், சூடேற்றினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், துளை ஓரத்துக்கு ரப்பர் வளையம் (குரோமெட்), துணி டேப். சென்சாரை மீட்டருடன் வந்த ஜோடியாகவே போடுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ரெசிஸ்டன்ஸ் கணக்கு வேறு. பழைய சென்சாரில் புது மீட்டரை இணைத்தால் முள் அசையும், ஆனால் எண் பொய்.

கரண்ட் எடுக்கும் இடம்

இந்த பிரிட்டிஷ் வண்டிகளில் வயர் நிறங்கள் லூகாஸ் என்ற எலக்ட்ரிகல் கம்பெனியின் கணக்குப்படி. பிரவுன், சாவி இல்லாமலே எப்போதும் கரண்ட் உள்ள வயர். வெள்ளை, சாவி போட்டால் கரண்ட், ஆனால் ஃப்யூஸ் இல்லை. பச்சை, சாவிக்கும் ஃப்யூஸுக்கும் பிறகு வருவது. நமக்கு வேண்டியது பச்சை. டேஷ்போர்டுக்குப் பின்னால் கைக்கு எளிதாக எட்டுகிறது என்று பலர் வெள்ளையில் ஒட்டுப்போடுகிறார்கள். இக்னிஷன் காயிலுக்குப் போவதும் அதே வெள்ளைதான். புது வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் இன்ஜின் அணையும், பழைய ஹார்னஸ் (வண்டியின் வயர்க்கட்டு) மொத்தமும் புகையும்.

ஃப்யூஸ் பாக்ஸில் பச்சை வயர்கள் வரும் பக்கத்தில் காலி முனை இருந்தால் அங்கே லக் மாட்டுங்கள். உடனே, 10 செ.மீ.க்குள், 3 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் மீட்டர் பக்கம் இருந்தால் நடுவில் உள்ள வயருக்குப் பாதுகாப்பே இல்லை. வெளிர் பச்சை வயரைத் தொடாதீர்கள். பெட்ரோல் மீட்டருக்கு, வோல்ட்டேஜை நிலைப்படுத்தும் ஸ்டெபிலைசர் வழியாக வரும் சுமார் 10 வோல்ட் அது. அதில் புது மீட்டர் சரியாகக் காட்டாது. மீட்டர் பல்புக்குச் சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட பேனல் லைட் வயர்.

வயரைக் கடித்துப் பிடிக்கும் நீல நிற பிளாஸ்டிக் கிளிப்புகள் வேண்டாம். ஐம்பது வருஷத்துச் செம்பு கறுத்திருக்கும். கிளிப் நாலு இழையை அறுத்துவிட்டு மீதியை அரைகுறையாகத் தொடும்.

வயரின் பாதை

பேட்டரியின் எர்த்தைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். இன்ஜின் ஆறியபின் சென்சார் மட்டத்துக்குக் கீழ் வரை கூலன்ட்டை இறக்கி, சென்சாரைப் போடுங்கள். மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றிப் போட வேண்டாம், ஒற்றை முனை சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான். ரேடியேட்டர் ஹோஸின் நடுவே வைக்கும் அடாப்டர் என்றால் இரு பக்கமும் ரப்பர்; அதன் உடம்பிலிருந்து தனியாக ஒரு எர்த் வயர் கட்டாயம். புது மீட்டர் முள் அசையவே இல்லை என்ற புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

எம்ஜிபியில் சூடாகும் மேனிஃபோல்டு (புகை வெளியேறும் குழாய்) இடப்பக்கம், பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் வலப்பக்கம். வெப்பத்துக்குப் பயந்து சென்சார் வயரை வலப்பக்கம் இழுத்தால் பிளக் வயர்களோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள், முள் துடிக்கும். 10 செ.மீ. தள்ளி இழுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். மேனிஃபோல்டுக்கு அருகே போயே ஆக வேண்டுமானால் ஃபைபர்கிளாஸ் ஸ்லீவ். இன்ஜினிலிருந்து பாடிக்குத் தாவும் இடத்தில் 6 செ.மீ. தளர்வு விடுங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும். இறுக்கிக் கட்டிய வயர் லக்கின் கழுத்திலேயே அறுந்துபோகும்.

பிறகு பழைய ஹார்னஸ் போகும் வழியே, 15 செ.மீ.க்கு ஒரு கட்டு. பெட்ரோல் பைப், பிரேக் பைப், ஆக்சிலரேட்டர் கேபிள் எதிலும் கட்டக் கூடாது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள ஃபயர்வாலில் ஹார்னஸ் நுழையும் குரோமெட்டில் இடம் இருந்தால் அதுவே போதும். புதிதாகத் துளை போட்டால் ஓரத்தை அரத்தால் தேய்த்து, பெயின்ட் தடவி, குரோமெட் வைத்த பிறகே வயர். நுழையும் முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். ஏற்காட்டு மழையும் பனிமூட்டமும் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் அந்த வளைவில் சொட்டிவிடும். டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, பெடல்களை மிதித்து, எதுவும் வயரைத் தொடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரின் எர்த்தை டேஷ்போர்டில் முடிக்காதீர்கள். கறுப்பு வயரைப் பாடியில் உள்ள எர்த் போல்ட்டுக்கே கொண்டுபோய், பெயின்ட்டைச் சுரண்டி இறுக்குங்கள். ஹெட்லைட் போட்டதும் முள் ஐந்தாறு டிகிரி தாவினால் முதல் சந்தேகம் இந்த எர்த் மேல்தான்.

சோதனை

சாவியைப் போட்டு, சென்சார் வயரைக் கழற்றினால் பெரும்பாலான மீட்டர்களில் முள் குளிர்ப் பக்கம் நிற்கும். அதே வயரை ஒரு நொடி எர்த்தில் தொட்டால் சூட்டின் உச்சிக்குப் போகும். இரண்டும் நடந்தால் வயரிங் சரி. எண் சரியா என்று பார்க்க, சென்சாரை மாட்டும் முன்பே கொதிநீரில் விட்டு, அதன் உடம்புக்கு எர்த் கொடுத்துப் பாருங்கள். சேலத்தில் 99 டிகிரி காட்ட வேண்டும். ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அங்கே சோதித்துவிட்டு மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்று மாற்றிவிடாதீர்கள்.

கூலன்ட்டை நிரப்பி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே ஐடிலில் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். சென்சாரைச் சுற்றி காற்றுக்குமிழ் நின்றால் காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

முதல் மலையேற்றத்தில் முள் வளைவுக்கு வளைவு மெல்ல ஏறினால் அது உண்மையான சூடு. ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், மூடியைத் திறக்காதீர்கள். 85இல் இருந்த முள் ஒரே நொடியில் உச்சிக்குப் பாய்ந்தால் அநேகமாக சென்சார் வயர் பாடியில் உரசுகிறது. சட்டென்று அடிக்கு விழுந்தால் வயர் கழன்றிருக்கலாம், கூலன்ட் இறங்கி சென்சார் வெறுமனே நிற்கவும் செய்யலாம். எனவே அப்போதும் நிறுத்தி, ரேடியேட்டர் ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.