மூழ்கிய கப்பலின் பட்டு கவுனிலிருந்து ஒரு சரித்திரக் கதை எழுத

கடலடியில் கிடைத்த உடையை வைத்துக் கதை எழுத உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது, "இது யாருடையது?" ரவிக்கை தைத்துப் பிழைப்பவள் நான்; சரித்திரக் கதையும் எழுதுகிறேன். என் யோசனை, அந்தக் கேள்வியைத் தள்ளிவையுங்கள். எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

நெதர்லாந்தின் டெக்ஸல் தீவை ஒட்டிய கடலில், 2014-இல் முக்குளிப்பவர்கள் ஒரு பழங்கப்பலிலிருந்து பட்டு கவுன் ஒன்றை எடுத்தார்கள். மணலுக்கடியில் காற்றுப் படாமல் கிடந்ததால் ஏறக்குறைய முழுசாகவே இருந்தது. 2016-இல் காட்சிக்கு வந்தபோது, இங்கிலாந்து ராணி ஹென்ரியட்டா மரியாவின் தோழி ஜீன் கெர் என்பவருடையது என்றார்கள். 1642-இல் ராணி நெதர்லாந்துக்குப் போனபோது சாமான் கப்பல் ஒன்று மூழ்கியது உண்மைதான். பிறகு நடந்த ஆராய்ச்சியில், இந்தக் கப்பல் 1660 வாக்கில் மூழ்கியது என்று தெரியவந்தது. அந்தத் தோழியை நம்பிக் கதை கட்டியிருந்தால் மொத்தமும் சரிந்திருக்கும்.

இனி கவுனுக்கு வாருங்கள். நம் ஜவுளிக்கடையில் 'செல்ஃப் டிசைன்' என்பார்களே, அப்படித் துணியோடு துணியாகப் பூ நெய்த டமாஸ்க் பட்டு. தூக்கி நிற்கும் கழுத்துப்பட்டை, தளர்ந்த கை, நெருக்கமாகக் கொசுவம் பிடித்த பாவாடை. அந்தப் பாவாடை முன்பக்கம் திறந்திருக்கிறது. அப்படியானால் உள்பாவாடை வெளியே தெரியும்; அதையும் பார்த்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பாள். அது என்ன நிறம்? உங்கள் முதல் காட்சி இங்கே இருக்கிறது. ஜரிகை வேலை இல்லாததால் இதை அன்றாட உடை என்று கருதினார்கள். அதே கப்பலில் வெள்ளி வேலைப்பாடு செய்த இன்னொரு கவுனும் இருந்தது. கல்யாண உடையாக இருக்கலாம் என்கிறார்கள். இரண்டையும் ஒருத்திக்கே கொடுப்பதா, தாய்க்கும் மகளுக்குமாகப் பிரிப்பதா என்பது உங்கள் உரிமை.

கிடைக்காததையும் எழுதுங்கள். பட்டும் கம்பளியும் தாங்கும் இடத்தில் லினன் போன்ற செடிநார்த் துணி மக்கிவிடும். உடம்பை ஒட்டியிருந்தது, வியர்வையை வாங்கியது, வெளுக்கப் போட்டது எல்லாம் அந்த லினன் உள்சட்டைதான். அதைத் துவைத்தவளுக்குத்தான் எஜமானியின் உடம்பு தெரியும்: எந்த மாதம் தூரம் நின்றது, எப்போது இளைத்தாள் என்று. என்னைக் கேட்டால் கதையை அவள் வாயால் சொல்லுங்கள். அந்தக் கப்பலில் இருந்த புத்தகங்களிலும் இதே கதை: தாள் போய்விட்டது, தோல் அட்டைகள் மிஞ்சின. எஜமானி என்ன வாசித்தாள் என்பதையும் நீங்களே தீர்மானிக்கலாம்.

உடுத்தும் காட்சியில் அவசரப்படாதீர்கள். கொக்கியா, நாடாவா, யார் கை முதுகுப்பக்கம் போகிறது, கை தூக்கினால் அக்குளில் எங்கே பிடிக்கிறது. அந்தக் காலத்து வெட்டில் ஒரு கை மட்டுமாவது பழந்துணியில் தைத்துப் போட்டுப் பாருங்கள். எந்த அசைவு முடியும், எது முடியாது என்று தெரிந்துவிடும்.

இடத்தையும் பயன்படுத்துங்கள். டெக்ஸலுக்கு அருகே கப்பல்கள் சாதகமான காற்றுக்காக நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கும். நம் பழவேற்காட்டுத் துணிக்காக வந்த டச்சுக் கப்பல்கள் பலவும் அங்கிருந்து புறப்பட்டவைதான். காத்திருக்கும் அந்த நாட்களில் பேச்சு, சண்டை, கடிதம் எல்லாவற்றையும் வையுங்கள். புயலைக் கடைசியாக எழுதுங்கள், அதுவும் சுருக்கமாக. அதற்குள் பெட்டியை அடுக்கியது யார், எதை மேலாக வைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.