சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது: பழைய டீசல் பிக்கப்பில் ஸ்டார்ட்டிங் கோளாறு பார்ப்பது எப்படி

பழைய பொலிரோ பிக்கப்போ டாடா 207-ஓ வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்ததுதான். விடியற்காலையில் லோடு ஏற்றி நிற்கும்போது வண்டி எடுக்காது, ஆள் வைத்துத் தள்ளி ஸ்டார்ட் செய்து பட்டறைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் சாவியைத் திருப்பியதும் சமர்த்தாக எடுக்கும். அவர்தான் என்ன செய்வார், "பேட்டரி வீக்குண்ணே" என்பார். புது பேட்டரி போடுவீர்கள், கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் பழைய கதை. அடுத்து செல்ஃப் மோட்டார் (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்), அதற்கடுத்து சாவி சுவிட்ச் என்று காசு போய்க்கொண்டே இருக்கும்.

விட்டுவிட்டு வரும் கோளாறை அது வந்திருக்கும் நேரத்தில் அளந்தால்தான் பிடிக்க முடியும். நன்றாக எடுக்கும் வண்டியில் எதை அளந்தாலும் பெரும்பாலும் சரியாகத்தான் காட்டும். அதனால் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் டெஸ்ட் லேம்பும் எப்போதும் வண்டியிலேயே கிடக்கட்டும். டெஸ்ட் லேம்ப் வாங்கக்கூட வேண்டாம், ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் இழுத்து ஒரு முனையில் கிளிப் போட்டால் போதும். இங்கே சொல்வதெல்லாம் மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் வண்டிகளுக்கு. காமன் ரெயில் (டீசல் பாய்வதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும்) வண்டி என்றால் கரண்ட் பக்கம் இதேதான், டீசல் பக்கம் வேறு.

வண்டி எடுக்காதபோது சாவியைப் போட்டுத் திரும்பத் திரும்ப முறுக்காமல், என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள். சத்தமே இல்லையா, "டக்" என்று ஒன்று மட்டும் வருகிறதா, "டகடகடக" என்று அடிக்கிறதா, செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? முதல் மூன்றும் கரண்ட், கடைசி டீசல். கூடவே எப்போது வருகிறது என்பதையும் கவனியுங்கள்: ராத்திரி முழுக்க நின்ற பிறகா, தூரம் ஓட்டி சூட்டோடு டீக்கடையில் நிறுத்திய பிறகா, வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாளா? இந்த இரண்டும் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பேட்டரியை முதலில் பார்த்து ஓரம் கட்டிவிடலாம். ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். ஆனால் சும்மா நிற்கும்போது காட்டும் வோல்ட்டை மட்டும் நம்பாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் டைனமோ சார்ஜ் செய்கிறது. சிலர் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி, நிற்காமல் ஓடினால் டைனமோ ஓகே என்பார்கள். தயவுசெய்து செய்ய விடாதீர்கள், டையோடு போய்விடும், நல்ல டைனமோவுக்கும் சேர்த்துச் செலவு வைக்கும்.

பேட்டரி நன்றாக இருந்தும் "டக்" மட்டும் வருகிறதென்றால், என் கணக்கில் முதல் சந்தேகம் ஒயர் மேல்தான், அதிலும் எர்த் ஒயர். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு எர்த் பட்டை போகும். வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும், போல்ட்டைக் கழற்றினால் லக்குக்கு (ஒயர் முனையில் உள்ள வளையம்) அடியில் துரு, பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு, லக்கை ஒட்டிய செம்புக் கம்பிகள் பச்சை பூத்துப் பாதி அறுந்திருக்கும். மீதியிருக்கும் நாலு கம்பியில் ஹெட்லைட் எரியும், ஹாரன் அடிக்கும், ஆனால் செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும்போது அது தாங்காது. மேடுபள்ளத்தில் லோடோடு குலுங்கினால் ஒரு நாள் தொடும், ஒரு நாள் தொடாது.

இதைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தின் மேல், கிளாம்ப் மேல் அல்ல, ஈயக் கம்பத்தின் மேலேயே. இன்னொரு முனை செல்ஃப் மோட்டாரின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்தில். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டால் இன்ஜின் பிடிக்காமல் சுற்றும், அளக்க வசதி. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் வழியில் எங்கோ தடை. முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் நகர்த்திக்கொண்டே வாருங்கள், எந்த இடத்தில் அளவு சட்டென்று குறைகிறதோ, அதற்கும் அதற்கு முன் அளந்த இடத்துக்கும் நடுவே இருப்பதுதான் குற்றவாளி. பாசிட்டிவ் பக்கமும் அதே மாதிரி, பேட்டரி கம்பத்திலிருந்து செல்ஃபின் பெரிய போல்ட் வரை, அங்கே 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். செல்ஃப் அடித்து முடித்ததும் கிளாம்பைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் மீட்டரே வேண்டாம்.

பேட்டரி ஒயரைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து ஊற்றிக் கழுவி, எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, இறுக்கிய பிறகு வாசலின் தடவுங்கள்.

ஒயர் இரண்டும் சரி என்றால் செல்ஃபுக்கே வருவோம். செல்ஃப் மேல் இருக்கும் சோலனாய்டில் (சாவி திருப்பியதும் இழுத்து மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்) மெல்லிய ஒயர் ஒன்று வரும், 50 என்று போட்டிருக்கும். டெஸ்ட் லேம்பை அதில் மாட்டி, மறுமுனையை எர்த்தில் கொடுத்து, வண்டி எடுக்காத நேரத்தில் சாவியைத் திருப்புங்கள். பல்பு எரியவே இல்லை என்றால் சாவி சுவிட்ச், ரிலே (சின்னக் கரண்டில் பெரிய கரண்டை விடும் சுவிட்ச்), நடு ஒயர், இவற்றில் ஒன்று. நன்றாக எரிந்தும் சோலனாய்டு அசையவில்லை என்றால் சோலனாய்டு. அது இழுத்து "டக்" சொல்லியும் மோட்டார் சுற்றவில்லை என்றால் உள்ளே இருக்கும் செம்புக் கான்டாக்ட் தீய்ந்திருக்கும், இல்லை கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஸ்பேனரின் பின்பக்கத்தால் மோட்டாரை லேசாகத் தட்டியதும் எடுத்தால் பெரும்பாலும் பிரஷ்தான். பிரஷ் மாற்றினாலே போதும், முழு மோட்டாரையும் விற்கப் பார்க்கிற கடையில் கொஞ்சம் யோசியுங்கள்.

சூட்டில் மட்டும் எடுக்காத வண்டிகளில் இன்னொன்று நடக்கும். சூடு ஏற ஏற சோலனாய்டு காயிலின் ரெசிஸ்டன்ஸ் கூடும், இழுக்க அதிக வோல்ட் வேண்டும். ரிலே இல்லாத பழைய வயரிங்கில் சோலனாய்டின் மொத்தக் கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகத்தான் வருகிறது, அது தேய்ந்து போயிருந்தால் வந்து சேர்வதே குறைவு. ஆறியதும் எடுக்கும். இதற்கு 40 ஆம்பியர் ரிலே ஒன்றை நடுவில் போட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரடி லைன் கொடுத்தால் சரியாகிவிடும், எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் செய்து தருவார்.

ஸ்க்ரூ டிரைவரை வைத்து சோலனாய்டை ஷார்ட் செய்து எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறும். நியூட்ரல், ஹேண்ட்பிரேக், டயருக்குக் கட்டை, மூன்றும் இல்லாமல் வண்டிக்கு அடியில் கை வைக்காதீர்கள்.

"கிர்ர்" என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையவில்லை என்றால் பெண்டிக்ஸ் (ஃப்ளைவீல் பல்லில் போய் மாட்டும் செல்ஃபின் சின்ன கியர்) வழுக்குகிறது, அல்லது ஃப்ளைவீல் பல் தேய்ந்திருக்கிறது. நாலு சிலிண்டர் இன்ஜின் பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் வந்து நிற்கும், அந்த இரண்டு இடத்துப் பல் மட்டும்தான் அடி வாங்கும். கியரில் போட்டு வண்டியை ஒரு அடி நகர்த்தியதும் எடுத்தால் இதுதான்.

இனி டீசல் பக்கம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டியில் முதலில் ஸ்டாப் கேபிளைப் பாருங்கள். குமிழ் உள்ளே போயிருக்கும், ஆனால் கேபிள் துருப்பிடித்து பம்பில் உள்ள லீவர் பாதியிலேயே நிற்கும். கையால் தள்ளிவிட்டால் எடுக்கும், எண்ணெய் விட்டால் போதும். கேபிளுக்குப் பதில் கரண்டில் நிற்கும் பம்ப் என்றால், சாவி போட்டதும் பம்பில் "டிக்" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த ஒயரில் டெஸ்ட் லேம்பைப் பிடியுங்கள்.

காலையில் மட்டும் நெடுநேரம் அடித்தால் பெரும்பாலும் ஏர் எடுக்கிறது. ராத்திரியில் லைனில் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். மறுநாள் காலை சாவியைத் தொடுவதற்கு முன்னால், லைனில் டீசலை ஏற்றும் கைப்பம்பை அடித்துப் பாருங்கள்: லொடலொடவென்று போய், கொஞ்ச நேரம் கழித்து இறுகி, உடனே வண்டியும் பிடித்தால் சந்தேகமே வேண்டாம். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்ப்) நடுவே உள்ள லைன் உறிஞ்சும் லைன், அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே டீசல் தாங்கும், உள்ளே தெரியும் ஹோஸ் ஒரு துண்டு போட்டால் குமிழி ஓடுவது தெரியும். எங்கே என்று பிரித்துப் பார்க்க, டேங்க் லைனைக் கழற்றிவிட்டு சுத்தமான டீசல் கேனிலிருந்து நேராக ஒரு ஹோஸை ஃபீட் பம்புக்குக் கொடுத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உடனே எடுத்தால் கோளாறு டேங்க் பக்கம்: வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப், டேங்குக்குள் துருப்பிடித்த குழாய். அப்போதும் எடுக்காவிட்டால் பாஞ்சோ போல்ட்டின் (டீசல் லைனை இணைக்கும் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர், ஃபில்டர் மூடி ரப்பர், கைப்பம்பு இவற்றில் தேடுங்கள். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றாதீர்கள், விலை சில ரூபாய்தான்.

எதைச் சோதித்தாலும் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம், ஒரு நிமிடம் ஆறவிட்டு அடுத்தது. வண்டி எடுக்க அடிக்கும் ஈத்தர் ஸ்ப்ரே பக்கமே போகாதீர்கள், ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் அது வெடிக்கக்கூடும்.

எல்லாம் சரியாக இருந்தும் ரெண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறதென்றால், யாரோ பின்னால் மாட்டிய ஜிபிஎஸ், ஸ்டீரியோ, எல்இடி லைட்டைப் பாருங்கள். மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, கம்பத்துக்கும் ஒயருக்கும் நடுவே கொடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள், எதை உருவியதும் இறங்குகிறதோ அந்த லைன். மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது மட்டும் யாரும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது, மீட்டர் புகைந்துவிடும்.